வடிவமைப்பு ஒட்டிக்கொண்டு வராமல் உரையை மட்டும் நகலெடுப்பது எப்படி?

இணையப் பக்கத்திலுள்ள ஒரு பத்தியை நகலெடுத்து அறிக்கையிலோ மின்னஞ்சலிலோ ஒட்டும்போது, அந்தப் பக்கத்தின் எழுத்துரு, எழுத்தளவு, நிறம், சில வேளைகளில் சாம்பல் நிறப் பின்னணி வரை எல்லாமே சொற்களோடு சேர்ந்து வந்து இறங்கிவிடுகின்றன. பலர் அதன்பிறகு ஒவ்வொரு வரியாகத் தேர்ந்தெடுத்துச் சரிசெய்துகொண்டிருப்பார்கள். ஒட்டும் முறையை மாற்றிக்கொண்டால் அந்த வேலைக்கே இடமில்லை.

நாம் நகலெடுக்கும்போது, கிளிப்போர்டு எனப்படும் தற்காலிக நினைவிடத்தில் உரை ஒரே வடிவில் மட்டும் வைக்கப்படுவதில்லை. அதே உரை வெறும் எழுத்துகளாக ஒரு முறையும், இணையப் பக்கங்களின் மொழியான எச்டிஎம்எல் வடிவில் ஒரு முறையும், வேர்டு போன்ற செயலியிலிருந்து எடுத்திருந்தால் எழுத்துரு, நிறம் போன்றவற்றையும் சேர்த்து வைக்கும் ஆர்டிஎஃப் வடிவில் இன்னொரு முறையும் அங்கே காத்திருக்கும். ஒட்டுகிற செயலி, தனக்குப் புரிகின்ற வடிவங்களுள் பெரும்பாலும் அலங்காரம் மிகுந்ததையே எடுத்துக்கொள்ளும். ஆகவே நகலெடுக்கும்போது நாம் புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. எழுத்து மட்டும் போதும் என்பதை ஒட்டும்போதுதான் சொல்ல வேண்டும்.

முதலில், வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்து வழக்கம்போல் கண்ட்ரோல், சி விசைகளை அழுத்துங்கள். பிறகு, ஒட்ட வேண்டிய இடத்தில் சுட்டியைச் சொடுக்கி, கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளிலும், அவற்றில் திறக்கும் ஜிமெயில், கூகுள் டாக்ஸ் ஆகியவற்றிலும் இது வேலை செய்யும். மேக் கணினியின் பெரும்பாலான செயலிகளில் கமாண்ட், ஆப்ஷன், ஷிஃப்ட், வி என்ற நான்கு விசைகளை அழுத்த வேண்டும். லிப்ரெஆஃபிஸ் ரைட்டரில் கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், வி ஆகியவை அதே வேலையைச் செய்யும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில், ஒட்டும் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் தோன்றும் பட்டியலில், பல செயலிகளில், எளிய உரையாக ஒட்டும் தேர்வு தனியாக இருக்கும்.

வேர்டு செயலியில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. புதிய பதிப்புகளில் மேற்சொன்ன மூன்று விசைகளே போதும். பழைய பதிப்புகளில் அவற்றுக்கு வேறு பணி இருந்ததால் நாம் எதிர்பார்ப்பது நடக்காது. அங்கே கண்ட்ரோல், வி அழுத்தி ஒட்டியபின், கண்ட்ரோல் விசையை மட்டும் ஒருமுறை தட்டிவிட்டு, டி விசையை அழுத்தினால் வடிவமைப்பு உதிர்ந்துவிடும். நாள்தோறும் வெளியிலிருந்து உரை எடுத்து ஒட்டுபவர்கள் இதை நிரந்தரமாகவே மாற்றிக்கொள்ளலாம்: ஃபைல் பட்டியலில் ஆப்ஷன்ஸ், அதனுள் அட்வான்ஸ்டு பகுதிக்குச் சென்று, பிற செயலிகளிலிருந்து ஒட்டுவதற்கான வரியில் ‘கீப் டெக்ஸ்ட் ஒன்லி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆவணத்துக்குள்ளேயே ஒட்டுவதற்கான வரியை மாற்றாமல் விட்டுவிடுவதே நல்லது. இல்லாவிட்டால் நீங்களே தடிமனாக்கிய ஒரு தலைப்பை வேறு பக்கத்துக்கு நகர்த்தும்போதுகூட அது வெறும் எழுத்தாகிவிடும்.

எக்செல்லில் ஒரு கட்டத்தை இருமுறை சொடுக்கி, அதனுள் தட்டச்சுக் கோடு துடிக்கத் தொடங்கியபின் ஒட்டினால் எழுத்து மட்டும் வரும். பல வரிகள் இருந்தாலும் அவை அனைத்தும் அந்த ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

எந்த விசையும் கைகொடுக்காத செயலிகளுக்கு நோட்பேட் இருக்கிறது. அதில் ஒட்டி, அங்கிருந்து மீண்டும் நகலெடுத்தால் எழுத்து மட்டுமே மிஞ்சும். அண்மைப் பதிப்புகளில் நோட்பேடுக்கும் வடிவமைப்பு வசதி வந்திருப்பதால், அமைப்புகளில் அதை அணைத்துவிடுங்கள். உலாவியின் முகவரிப் பட்டையில் ஒட்டி எடுக்கும் குறுக்குவழியைச் சிலர் சொல்வதுண்டு. தவறி என்டர் விசையைத் தட்டினால் உங்கள் கடிதம் தேடுபொறிக்குப் போய்விடும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

இனி, இப்படி ஒட்டுவதால் இழப்பவை. ‘படிவத்தை இங்கே பதிவிறக்கலாம்’ என்ற வரியில் ‘இங்கே’ என்னும் சொல் நிற்கும். அதன் பின்னாலிருந்த முகவரி போய்விடும். மேற்குறியாக வடிவமைக்கப்பட்ட எண்கள் இன்னும் ஆபத்தானவை: பத்தின் ஆறாம் அடுக்கைக் குறிக்க 10-இன் தோளில் சிறிதாக நின்ற 6 கீழே இறங்கி, பத்து லட்சம் 106 ஆகிவிடும். குறுக்குக்கோடு இட்டு நீக்கப்பட்ட பழைய தேதி, கோடு மறைந்து, செல்லுபடியாகும் தேதிபோல வரியில் நிற்கும். கணக்கும் தேதியும் உள்ள பகுதிகளை ஒட்டியபின் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

எழுத்தை மட்டும் ஒட்டினாலும் போகாதவையும் உண்டு. பிடிஎஃப் கோப்பிலிருந்து எடுத்த உரையில் ஒவ்வொரு வரியும் பாதியில் முறிந்து நிற்பதற்குக் காரணம், நகலெடுக்கும்போது வரிமுறிப்பும் ஓர் எழுத்துக்குறியாகவே உரையோடு சேர்ந்துவிடுவதுதான். வேர்டில் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல், எச் அழுத்தி, தேடும் பெட்டியில் கேரட் குறியையும் (ஷிஃப்டுடன் 6) அதையடுத்து ஆங்கிலச் சிறிய ‘பி’ எழுத்தையும், மாற்றும் பெட்டியில் ஓர் இடைவெளியையும் இட்டு, ‘ரீப்ளேஸ் ஆல்’ என்பதை அழுத்தினால் வரிகள் ஒன்றாகும். பத்திகளும் கலந்துவிடும் என்பதால், ஒரு நேரத்தில் ஒரு பத்தியாகச் செய்யுங்கள்.

தமிழ் உரைக்கென்று தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளி போன்ற குறிகளுமே. அவற்றுக்குத் தமிழ் உருவம் தருவது எழுத்துரு. வடிவமைப்பை நீக்கி ஒட்டினால் எழுத்துருவும் போய், புரியாத ஆங்கிலக் குவியல்தான் எஞ்சும். உரை கெட்டுவிட்டதென்று அஞ்ச வேண்டாம். அந்தக் குவியலை அப்படியே எழுத்துரு மாற்றியில் இட்டு, மூல எழுத்துருவின் பெயரைத் தேர்ந்தெடுத்து, ஒருங்குறிக்கு (யூனிகோடு எனப்படும் பொதுக் குறியாக்கத்துக்கு) மாற்றியபின் உங்கள் ஆவணத்தில் ஒட்டுங்கள்.