புது ஏடிவி சூடாகுதா? ரேடியேட்டர்ல காத்து நிக்குதான்னு பாருங்க

தோப்புக்குன்னு வாங்குன புது ஏடிவி (கரடுமுரடான நிலத்துல ஓட்டுற நாலு சக்கர வண்டி), மேட்டுல லோ கியர்ல கொஞ்ச நேரம் ஏறுனாலே டெம்பரேச்சர் லைட் எரியும். ஷோரூம்ல கேட்டா "புது வண்டி அப்படித்தான் சார், ஓட ஓட சரியாயிடும்"ங்கறாங்க, அதெல்லாம் சும்மா. ஃபேன் சுத்துது, ரேடியேட்டர்ல சேறு இல்ல, ரிசர்வ் டேங்க்ல கூலண்ட் (இன்ஜின ஆத்துற திரவம்) லெவல் கரெக்டா நிக்குது, ஆனா இன்ஜின் நல்லா ஆறுனப்புறம் ரேடியேட்டர் மூடியத் திறந்தா கழுத்து வரைக்கும் இருக்க வேண்டிய கூலண்ட் உள்ள எங்கயோ கிடக்கு. ஏர் லாக்தான், அதாவது கூலண்ட் ஓடுற வழியில காத்து மாட்டி நிக்குது! முன் சக்கரத்த மேடான இடத்துல ஏத்தி நிறுத்தி, மூடி திறந்தே இருக்க ஐடில்ல ஓடவிட்டு ஹோஸ அமுக்கி அமுக்கி விட்டேன், குபுகுபுன்னு குமிழி வந்துச்சு, லெவல் இறங்க இறங்க 50:50 கூலண்ட் (பாதி கூலண்ட், பாதி தண்ணி) ஊத்துனேன். குமிழி நின்னதும் மூடியாச்சு, அப்புறம் லைட் எரியல. சூடா இருக்கறப்ப மட்டும் மூடியில கை வச்சிடாதீங்க, மூஞ்சிலயே பீச்சி அடிச்சிடும்.