பைத்தான்: நேரத்தை அச்சிடும்போது காணாமல் போகும் வினாடி

புதிதாக பைத்தான் எழுதுபவர்களின் லாக் ஃபைலை (புரோகிராம் தான் செய்வதை நேரத்தோடு குறித்துவைக்கும் ஃபைல்) திறந்தால் அதே பழைய தவறுகள்தான் வரிசைகட்டி நிற்கின்றன. மாதத்துக்குப் பதில் நிமிடம் வருவது போன்றவை ஓட்டிப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அவற்றை விடுவோம்.

கடைசி மூன்று எழுத்தை வெட்டுவது

மில்லிசெகண்ட் போதும் என்று, டேட்டைமை (பைத்தானில் தேதியும் நேரமும் சேர்ந்த மதிப்பு) ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துவரிசையாக, மாற்றிக் கடைசி மூன்று எழுத்தை வெட்டுகிறார்கள். 10:15:07.482913 என்பது 10:15:07.482 ஆகிவிடும். நூறு முறை ஓட்டினாலும் சரியாகத்தான் வரும். வினையே அதுதான்.

மைக்ரோசெகண்ட் சரியாகப் பூஜ்ஜியமாக இருந்தால் பைத்தான் புள்ளியையும் ஆறு இலக்கத்தையும் எழுதவே எழுதாது. மிஞ்சுவது 10:15:07. அதில் மூன்றை வெட்டினால் 10:15. வினாடி போச்சு, எர்ரரும் கிடையாது. டைம்ஜோன் சேர்த்த நேரமாக இருந்தால் இன்னும் மோசம்: வெட்டு +05:30-ன் வாலில் விழுந்து +05 ஆகிவிடும்.

"பத்து லட்சத்தில் ஒரு தடவைதானே?" என்பார்கள். வினாடிக்கு 1,000 வரி எழுதும் சர்வரில் அது சராசரியாக 17 நிமிடத்துக்கு ஒரு தடவை. லாக்கைப் படிக்கும் புரோகிராம் நடுராத்திரியில் அந்த ஒரு வரியில் தடுக்கி விழும். காலையில் சின்ன சாம்பிளை வைத்து ஓட்டினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். உடனே நெட்வொர்க் மேல் பழி. இதற்கு, எர்ரரைப் பிடித்து விழுங்கும் ட்ரை-எக்ஸெப்ட் போட்டு மூடிவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்ல!

டேட்டைமை ஸ்ட்ரிங்காக்கும் ஐசோஃபார்மேட்டுக்கு பைத்தான் 3.6 முதல் டைம்ஸ்பெக் என்ற ஆர்க்யுமென்ட் உண்டு. அதில் மில்லிசெகண்ட்ஸ் என்று கொடுத்தால் பூஜ்ஜியத்துக்கும் .000 வரும். நாம் சொல்லும் வடிவத்தில் நேரத்தை எழுதித் தரும் டேட்டைமின் எஸ்டிஆர்எஃப்டைமில், மைக்ரோசெகண்டுக்கான குறியான பர்சென்ட் எஃப் (%f) எப்போதும் ஆறு இலக்கம் தரும். அதை வடிவத்தின் கடைசியில் வைத்து மூன்றை வெட்டினால் பாதகமில்லை. டெஸ்டில் கடிகாரத்தை நம்பாமல் மைக்ரோசெகண்டுக்கு 0, 5000, 999999 என்று நீங்களே கொடுங்கள்.

ரவுண்ட் செய்வது

மில்லிசெகண்டாக்க, 999600 மைக்ரோசெகண்டை 1000-ஆல் வகுத்து ரவுண்ட் செய்தால் 1000, அச்சில் 10:15:07.1000. முழு எண் வகுத்தலே போதும். மூன்று இலக்கத்துக்குப் பூஜ்ஜியம் நிரப்புங்கள், இல்லையென்றால் 5 மில்லிசெகண்ட் .5 ஆகி அரை வினாடியாகிவிடும்.

வினாடியை எடுக்க ஒரு நவ், மைக்ரோசெகண்டை எடுக்க இன்னொரு நவ்

நவ் என்பது அந்தக் கணத்தின் நேரத்தைத் தரும். இரண்டு முறை அழைத்தால் நடுவில் வினாடி மாறிவிடலாம். ஒரே தடவை அழைத்து வேரியபிளில் வையுங்கள்.

டைம் மாட்யூலில் பர்சென்ட் எஃப்

கிடையாது. லாக் எழுதும் லாகிங் மாட்யூல் உள்ளே அழைப்பதும் டைமின் எஸ்டிஆர்எஃப்டைமைத்தான். அங்கே நேரத்துக்குச் சொந்த வடிவம் கொடுத்தால், மில்லிசெகண்டைத் தரும் எம்செக்ஸைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.