ஆர்ச் லினக்ஸ்: இன்ஸ்டாலர் இல்லாமல் கையாலேயே நிறுவும் முறை

ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளம் பென் டிரைவிலிருந்து பூட் ஆனதும் தருவது ஒரு கருப்புத் திரையும், முழு அதிகாரத்தோடு கட்டளை அடிக்கும் ரூட் ப்ராம்ப்ட்டும்தான். ஆர்ச்இன்ஸ்டால் என்ற கேள்வி-பதில் நிரல் 2021 ஏப்ரலிலிருந்து அதே ஐஎஸ்ஓவில் (நிறுவல் கோப்பில்) இருக்கிறது. ஆனாலும் ஒரு முறையாவது கையால் செய்து பார்த்துவிடுங்கள். இயங்குதளத்தின் மையமான கெர்னல் டிஸ்கின் எந்தப் பார்ட்டிஷனில் (பகுதியில்) கிடக்கிறது, அதை ஏற்றிவிடும் பூட்லோடர் அதை எப்படித் தேடுகிறது என்று தெரிந்திருந்தால், பின்னால் கணினி எழாமல் போகும்போது சில நிமிடங்களில் சரிசெய்யலாம். தெரியாவிட்டால் முழுவதையும் அழித்து மறுபடி போட வேண்டியதுதான். இந்த வேலையில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றே: எந்தப் பார்ட்டிஷன் எங்கே மவுன்ட் ஆகியிருக்கிறது, அதாவது எந்த ஃபோல்டரில் இணைந்திருக்கிறது என்பதைக் கவனிக்காமல் விடுவது.

கட்டளைகளை இங்கே தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். திரையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

தொடங்கும் முன்

டிஸ்கில் இருக்கும் தரவை வேறு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். கணினியின் ஃபர்ம்வேர் அமைப்பில், கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள். ஆர்ச்சின் ஐஎஸ்ஓ அதோடு பூட் ஆகாது. பூட் ஆனபின் முதல் வேலை, யூஇஎஃப்ஐ என்ற புதிய ஃபர்ம்வேர் முறையில்தான் வந்திருக்கிறோமா என்று பார்ப்பது. /சிஸ்/ஃபர்ம்வேர்/ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டரை எல்எஸ் கொடுத்துப் பாருங்கள். அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்று வந்தால் பழைய பயாஸ் முறையில் பூட் ஆகியிருக்கிறது. அப்படியே தொடர்ந்தால் கடைசியில் பூட்லோடர் போடும் இடத்தில் முட்டி நிற்பீர்கள். இப்போதே ரீஸ்டார்ட் செய்து, பூட் மெனுவில் பென் டிரைவின் யூஇஎஃப்ஐ பதிவைத் தேர்ந்தெடுங்கள்.

கேபிள் இணைப்பு தானாக வேலை செய்யும். வைஃபைக்கு ஐடபிள்யூசிடிஎல் உள்ளே போய் ஸ்கேன், கனெக்ட். கருவி அணைந்திருப்பதாகச் சொன்னால் ஆர்எஃப்கில் அன்பிளாக் கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். டைம்டேட்சிடிஎல் கொடுத்து நேரத்தையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். கடிகாரம் வருடக்கணக்கில் பின்தங்கியிருந்தால், பேக்கேஜ்களின் கையொப்பம் செல்லாது என்று பின்னால் பிழை வரும். காரணம் தேதி என்பது அந்தச் செய்தியிலிருந்து சட்டென்று விளங்காது.

டிஸ்கைப் பிரித்தல்

எல்எஸ்பிஎல்கே கொடுத்து டிஸ்கின் பெயரை அளவோடு ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள். பென் டிரைவும் அதே பட்டியலில் நிற்கும். என்விஎம்இ டிஸ்க் என்றால் பார்ட்டிஷன் எண்ணுக்கு முன்னால் ஒரு பி எழுத்து (p) வரும். சாட்டா டிஸ்கில் எண் நேராக வரும்.

எஃப்டிஸ்கில் ஜி அழுத்தினால் புதிய ஜிபிடி பார்ட்டிஷன் அட்டவணை உருவாகும். அதாவது பழையது முழுக்கப் போய்விடும். விண்டோஸை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஜி பக்கமே போகக் கூடாது. என் (n) அழுத்திப் புதிய பார்ட்டிஷன், டி (t) அழுத்தி அதன் வகை. முதலாவது பூட்லோடர் இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன், 1 ஜிபி, வகை எண் 1. இரண்டாவது ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் இடம்), 4 ஜிபி, வகை எண் 19. மீதி முழுவதும் ரூட், அதாவது அமைப்பின் மற்றக் கோப்புகள் இருக்கும் பார்ட்டிஷன். அதற்கு 32 ஜிபிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. டபிள்யூ அழுத்தும்வரை டிஸ்கில் எதுவும் எழுதப்படாது. சந்தேகம் வந்தால் க்யூ அழுத்தி வெளியேறிவிடலாம், ஒன்றும் கெடாது.

பிறகு ஃபார்மேட். ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு எம்கேஎஃப்எஸ்.ஃபேட், பெரிய எழுத்து எஃப் விருப்பத்தோடு 32. ரூட்டுக்கு எம்கேஎஃப்எஸ்.எக்ஸ்ட்4. ஸ்வாப்புக்கு எம்கேஸ்வாப். விண்டோஸோடு பகிர்ந்துகொள்ளும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை மட்டும் ஃபார்மேட் செய்யாதீர்கள். செய்தால் விண்டோஸின் பூட்லோடரும் சேர்ந்து அழியும்.

மவுன்ட்: வரிசை மாறக் கூடாது

முதலில் ரூட்டை /எம்என்டியில் மவுன்ட் செய்யுங்கள். அதன்பிறகே ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை /எம்என்டி/பூட்டில் மவுன்ட் செய்ய வேண்டும். அந்த ஃபோல்டர் இன்னும் இருக்காது. மவுன்ட் கட்டளையோடு மைனஸ் மைனஸ் எம்கேடிர் சேர்த்தால் அதுவே உருவாக்கிக்கொள்ளும். வரிசையை மாற்றிச் செய்தால், பின்னால் மவுன்ட் ஆகும் ரூட் முன்னதை மறைத்துவிடும். கெர்னல் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குப் போகாமல் ரூட்டுக்குள் விழும். அப்போது எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஸ்வாப்ஆன் கொடுத்த பிறகு எல்எஸ்பிஎல்கேயை இன்னொரு முறை ஓட்டி, வலது ஓரத்தில் மூன்று இடங்களும் சரியாக நிற்கின்றனவா என்று பாருங்கள்.

விண்டோஸ் உருவாக்கிய ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் பெரும்பாலும் 100 எம்பிதான். கெர்னலும், பூட்டின் தொடக்கத்தில் அதற்குத் தேவைப்படும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பும் அதில் அடங்குவது கஷ்டம். அப்படிப்பட்ட கணினியில் அதை /எம்என்டி/ஈஎஃப்ஐயில் மவுன்ட் செய்து, கெர்னலை ரூட்டிலேயே விட்டுவிட்டு, க்ரப் என்ற பூட்லோடரைப் போடுங்கள். க்ரப்புக்கு எக்ஸ்ட்4 படிக்கத் தெரியும். சிஸ்டம்டி-பூட் என்ற இன்னொரு பூட்லோடருக்கு அது முடியாது, கெர்னல் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருந்தாக வேண்டும். ஆர்ச் மட்டுமே இருக்கப்போகும் கணினிக்கு எங்கள் தேர்வு சிஸ்டம்டி-பூட்தான்: உள்ளமைவு சில வரிகளில் முடிந்துவிடும், கெட்டால் படித்தே கண்டுபிடிக்கலாம்.

அடிப்படைப் பேக்கேஜ்கள்

பேக்ஸ்ட்ராப் கட்டளையில் பெரிய எழுத்து கே விருப்பம், அடுத்து /எம்என்டி, அடுத்து பேக்கேஜ் பெயர்கள்: பேஸ், லினக்ஸ், லினக்ஸ்-ஃபர்ம்வேர், உங்கள் சிபியுவுக்கு ஏற்ப இன்டெல்-யூகோட் அல்லது ஏஎம்டி-யூகோட் (சிபியுவுக்கான திருத்தங்கள்), நெட்வொர்க்மேனேஜர், நானோ, சூடோ. 2019 அக்டோபரில் பேஸ் தொகுப்பை மாற்றியமைத்தபோது கெர்னலை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய வழிகாட்டியைப் பார்த்து பேஸ் மட்டும் போட்டால் கெர்னலே இல்லாத அமைப்புதான் கிடைக்கும். நெட்வொர்க்மேனேஜரை மறந்தால் ரீஸ்டார்ட் ஆனபின் இணையம் இருக்காது. இணையம் இல்லாமல் அதை இறக்கவும் முடியாது.

அடுத்து, எந்தப் பார்ட்டிஷன் எங்கே மவுன்ட் ஆக வேண்டும் என்ற பட்டியலைத் தரும் ஜென்எஃப்எஸ்டேப், பெரிய எழுத்து யூ விருப்பத்தோடு; அதன் வெளியீட்டை /எம்என்டி/ஈடிசி/எஃப்எஸ்டேப் கோப்பின் இறுதியில் சேர்க்க வேண்டும். இரண்டு முறை ஓட்டினால் வரிகள் இரட்டிக்கும் என்பதால் கேட் கொடுத்துத் திறந்து பாருங்கள். ரூட், பூட், ஸ்வாப் என்று மூன்று வரிகள் இருக்க வேண்டும். ஈஎஃப்ஐ வரியில் எஃப்மாஸ்க், டிமாஸ்க் என்ற அனுமதி எண்கள் இரண்டும் 0022 என்று இருந்தால் 0077 ஆக மாற்றுங்கள். மாற்றாவிட்டால், யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய இடத்தில் ரேண்டம் விதைக்கோப்பு இருக்கிறது என்று பூட்லோடர் நிறுவும்போது எச்சரிக்கை வரும். இப்போதைய மவுன்ட்டில் அந்த எச்சரிக்கை வரத்தான் செய்யும். அடுத்த பூட்டிலிருந்து சரியாகிவிடும்.

உள்ளே போய்

ஆர்ச்-சிஎச்ரூட் /எம்என்டி கொடுத்து, நிறுவிய அமைப்புக்குள் போங்கள். ப்ராம்ப்ட் சதுர அடைப்புக்குள் மாறியிருந்தால் உள்ளே வந்துவிட்டீர்கள் என்று பொருள். மாறாமல் தொடர்ந்தால் நீங்கள் திருத்துவதெல்லாம் கணினியின் தற்காலிக நினைவகத்தில் (ரேமில்) போய், ரீஸ்டார்ட்டில் காணாமல் போகும்.

நேர மண்டலக் கோப்பை /ஈடிசி/லோக்கல்டைமுக்கு இணைப்பு கொடுத்து, எச்டபிள்யூகிளாக் ஓட்டுங்கள். லோகேல்.ஜென் கோப்பில் ஆங்கில யூடிஎஃப்-8 வரியின் முன்னுள்ள ஹேஷ் குறியை நீக்குங்கள், தமிழ் வேண்டுமென்றால் அந்த வரியிலும் நீக்கி லோகேல்-ஜென் ஓட்டுங்கள். ஆனால் அமைப்பின் மொழியை இப்போதைக்கு ஆங்கிலமாகவே விடுங்கள். லினக்ஸின் எழுத்துத் திரையால் தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்ட முடியாது. பிழைச் செய்திகள் வெறும் கட்டங்களாகத்தான் தெரியும். டெஸ்க்டாப்பும் தமிழ் எழுத்துருவும் வந்தபின் மாற்றிக்கொள்ளலாம். /ஈடிசி/ஹோஸ்ட்நேம் கோப்பில் கணினியின் பெயர் ஒரு வரி. பாஸ்டபிள்யூடி கொடுத்து ரூட்டுக்குக் கடவுச்சொல் வையுங்கள். அது இல்லாவிட்டால் அவசர நிலையில் உள்ளே நுழையவே முடியாது. கடைசியாக சிஸ்டம்சிடிஎல் எனேபிள் நெட்வொர்க்மேனேஜர். இதில் என், எம் இரண்டும் பெரிய எழுத்து.

பூட்லோடர்

பூட்சிடிஎல் இன்ஸ்டால் கொடுங்கள். பிறகு /பூட்/லோடர்/என்ட்ரீஸ் ஃபோல்டருக்குள் ஆர்ச்.கான்ஃப் என்று ஒரு கோப்பு, நான்கு வரி: தலைப்பு, கெர்னல், இனிட்ராம்எஃப்எஸ், விருப்பங்கள். அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. கெர்னலின் பாதை ஈஎஃப்ஐ பார்ட்டிஷனின் வேரிலிருந்து தொடங்குகிறது. அதனால் வெறும் சாய்கோடு, அடுத்து விஎம்லினஸ்-லினக்ஸ் (vmlinuz-linux). முன்னால் /பூட் சேர்த்தால் கோப்பு கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். விருப்பங்கள் வரியில் ரூட் சமம் யூயூஐடி (இது பெரிய எழுத்தில்) சமம், அதன்பின் ரூட் பார்ட்டிஷனின் யூயூஐடி, அதாவது அதன் தனி அடையாளக் குறி, ஓர் இடைவெளி, ஆர்டபிள்யூ.

அந்த யூயூஐடி 36 குறிகள் நீளம். கையால் அடிக்க வேண்டாம். பிஎல்கேஐடி கொடுத்து யூயூஐடி மதிப்பை மட்டும் வெளியே எடுத்து, இரட்டை அம்புக்குறியால் (>>) அதே கோப்பின் கடைசியில் சேர்த்துவிட்டு, நானோவில் திறந்து இடத்தில் பொருத்துங்கள். பிஎல்கேஐடி பார்ட்யூயூஐடி என்று இன்னொன்றையும் காட்டும். அதை யூயூஐடி இடத்தில் போட்டால் கெர்னலானது, இல்லாத ஒரு டிஸ்குக்காகக் காத்திருந்து அவசர ஷெல்லில் விழும்.

க்ரப் வழியில் போகிறவர்கள் க்ரப், ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர் இரண்டையும் போட்டு, க்ரப்-இன்ஸ்டாலில் ஈஎஃப்ஐ டைரக்டரியாக /ஈஎஃப்ஐயைக் குறிப்பிடுங்கள். விண்டோஸ் மெனுவில் தெரிய ஓஎஸ்-ப்ரோபர் பேக்கேஜும் வேண்டும். க்ரப் 2.06 முதல் அது இயல்பாக அணைந்தே இருக்கும். /ஈடிசி/டிஃபால்ட்/க்ரப் கோப்பில் அதை இயக்கிவிட்டு க்ரப்-எம்கேகான்ஃபிக் ஓட்டுங்கள்.

எக்ஸிட், யூமவுன்ட் பெரிய எழுத்து ஆர் விருப்பத்தோடு /எம்என்டி, ரீபூட். யூமவுன்ட் பிஸி என்றால் நீங்கள் இன்னும் அந்த ஃபோல்டருக்குள்ளேயே நிற்கிறீர்கள்.

எழாவிட்டால்

பென் டிரைவில் பூட் செய்து, அதே வரிசையில் மவுன்ட் செய்து, ஆர்ச்-சிஎச்ரூட். எதையும் மறுபடி ஃபார்மேட் செய்ய வேண்டியதில்லை.

ஒரு டிஸ்குக்காக 90 விநாடி காத்திருப்பதாகத் திரை சொன்னால், எஃப்எஸ்டேப் எழுதியபின் ஏதோ ஒரு பார்ட்டிஷனை மறுபடி ஃபார்மேட் செய்திருக்கிறீர்கள், யூயூஐடி மாறிவிட்டது. ஸ்வாப் என்றால் காத்திருந்துவிட்டு உள்ளே போகும். பூட் என்றால் அவசர நிலையில் நிற்கும்.

சில மாதங்கள் கழித்து வரும் கோளாறு ஒன்று உண்டு. கெர்னல் அப்டேட் நடந்த நேரத்தில் /பூட் மவுன்ட் ஆகாமல் இருந்திருக்கும். புதிய கெர்னல் ரூட்டில் உள்ள வெற்று ஃபோல்டருக்குள் போய்விடும். பூட் ஆவது ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் உள்ள பழைய கெர்னல், ஆனால் அதற்கான மாட்யூல்கள் (துணைக் கோப்புகள்) நீங்கியிருக்கும். விஃபேட் (ஈஎஃப்ஐ பார்ட்டிஷனின் ஃபார்மேட்) தெரியாத ஃபைல்சிஸ்டம் என்று செய்தி வருவது இதனால்தான். பென் டிரைவிலிருந்து ரூட்டை மட்டும் மவுன்ட் செய்து அதன் பூட் ஃபோல்டரைக் காலி செய்யுங்கள். பிறகு ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை அங்கே மவுன்ட் செய்து, உள்ளே போய், பேக்கேஜ்களை நிறுவும் பேக்மேனால் லினக்ஸ் பேக்கேஜை மறுபடி நிறுவுங்கள்; இனிட்ராம்எஃப்எஸ்ஸும் கூடவே உருவாகிவிடும்.