லிப்ஜிடிஎக்ஸ்ல தனி த்ரெட்ல லோட் பண்ண டெக்ஸ்ச்சர் ஏன் கருப்பா வருது?

லிப்ஜிடிஎக்ஸ்ல (ஜாவால கேம் எழுத உதவுற ஃப்ரேம்வொர்க்) செஞ்ச என் முதல் ஆண்ட்ராய்டு கேம்ல லோடிங் ஸ்க்ரீன் அஞ்சாறு செகண்ட் அப்படியே உறைஞ்சு நிக்கும், சரி தனியா ஒரு த்ரெட் (மெயின் வேலை கூடவே தனியா ஓடுற இன்னொரு வேலைத் தடம்) போட்டு படத்தையெல்லாம் டெக்ஸ்ச்சரா, அதாவது ஜிபியூ வரையுறதுக்கு ஏத்துற படமா, அதுல லோட் பண்ணிடலாம்னு பண்ணேன், லோடிங் பார் சூப்பரா ஓடுச்சு, ஆனா கேம் ஆரம்பிச்சதும் ஹீரோ நிக்க வேண்டிய எடத்துல ஒரு கருப்பு கட்டம். கிராஷும் இல்ல ஒண்ணும் இல்ல. ரெண்டு நாள் மண்டைய ஒடச்சப்புறம் லாக்கேட்டை (ஆண்ட்ராய்டோட லாக் பதிவு) பாத்தா, கரண்ட் கான்டெக்ஸ்ட் இல்லாம ஓபன்ஜிஎல் ஈஎஸ்ஸை (ஜிபியூகிட்ட வேலை சொல்ற கிராஃபிக்ஸ் ஏபிஐ) கூப்பிட்டிருக்கன்னு ஒரே ஒரு வரி. ஒரு த்ரெட்டுக்கு ஒரு தடவதான் அது வரும், மத்த லாக் கூட்டத்துல கண்ணுலயே படாது.

மேட்டர் என்னன்னா, ஓபன்ஜிஎல் கான்டெக்ஸ்ட் (ஏத்துன டெக்ஸ்ச்சர் உட்பட ஓபன்ஜிஎல்லோட நிலைமையெல்லாம் வச்சிருக்கிறது) ஒரு நேரத்துல ஒரே ஒரு த்ரெட்லதான் கரண்ட்டா இருக்க முடியும். லிப்ஜிடிஎக்ஸ்ல அது ரெண்டர் த்ரெட், அதான் நம்ம கிரியேட், ரெண்டர் எல்லாம் ஓடுமே அது. வேற த்ரெட்ல நின்னுக்கிட்டு நியூ டெக்ஸ்ச்சர்னு எழுதுனா ஜிபியூவுக்கு எதுவும் போய்ச் சேராது.

ஸ்டெப் 1: வேலைய ரெண்டாப் பிரிங்க. பிஎன்ஜி ஃபைலைப் படிச்சு பிக்சலா விரிக்கிறது சிபியூ வேலை, நேரத்தத் திங்கிறது பெரும்பாலும் இதுதான், இத எந்த த்ரெட்லயும் செய்யலாம். பின்னாடி ஓடுற த்ரெட்ல பிக்ஸ்மேப் (விரிச்ச பிக்சலை மெமரில வச்சிருக்கிற ஆப்ஜெக்ட்) மட்டும் உருவாக்குங்க. ஃபைல் 300 கேபிதானேன்னு ஏமாந்துடாதீங்க, 2048க்கு 2048 படம்னா பிக்சலுக்கு 4 பைட் வச்சு மெமரில 16 எம்பி.

ஸ்டெப் 2: பிக்ஸ்மேப் ரெடியானதும் அதே த்ரெட்ல இருந்து போஸ்ட்ரன்னபிளை (ஒரு வேலைய ரெண்டர் த்ரெட்டுக்கு அனுப்புற மெத்தட்) கூப்பிட்டு, அதுக்குள்ள டெக்ஸ்ச்சரை உருவாக்குங்க. அது கியூல நின்னு, அடுத்த ஃப்ரேம்ல ரெண்டர் த்ரெட்லயே ஓடும். டெக்ஸ்ச்சர் உருவானதும் அங்கயே, அதுக்குள்ளயே பிக்ஸ்மேப்பை டிஸ்போஸ் பண்ணிடுங்க, அது நேட்டிவ் மெமரி, ஜாவா தானா கூட்டிப் பெருக்கும்னு விட்டா லீக்தான்.

ஸ்டெப் 3: இருபது படத்தையும் ஒரே மூச்சுல போஸ்ட் பண்ணாதீங்க. கியூல இருக்கிறது எல்லாம் ஒரே ஃப்ரேம்ல ஓடிடும், 60 எஃப்பிஎஸ்னா ஒரு ஃப்ரேமுக்கு கெடைக்கிறதே 16 மில்லிசெகண்ட் சொச்சம், மறுபடி அதே உறைதல். ஃப்ரேமுக்கு ஒண்ணு ரெண்டா விடுங்க.

இதுல எனக்குப் புடிக்காத ஒரு குறை இருக்கு. பிக்ஸ்மேப்ல இருந்து செஞ்ச டெக்ஸ்ச்சரை லிப்ஜிடிஎக்ஸ் ஞாபகம் வச்சுக்காது, அதனால ஆளு ஒரு ஃபோன் கால் பேசிட்டு திரும்பி வரும்போது கான்டெக்ஸ்ட் போயிருந்துச்சுன்னா படமும் போயிடும், நாமதான் திரும்ப ஏத்தணும்.

நெஜ கேமுக்கு நான் லிப்ஜிடிஎக்ஸ்லயே இருக்கிற லோடரான அசெட்மேனேஜர்தான் போடுறேன். மேல சொன்ன ரெண்டு பாகத்தையும் அதே பிரிச்சுப் பாத்துக்கும், கான்டெக்ஸ்ட் போனாலும் திரும்ப லோட் பண்ணும். நீங்க லோட்னு சொல்லிட்டு, ரெண்டருக்குள்ள ஒவ்வொரு ஃப்ரேமும் அப்டேட்டைக் கூப்பிடணும், ட்ரூ வந்ததும் அடுத்த ஸ்க்ரீனுக்குப் போங்க. ஃபினிஷ்லோடிங் போட்டா எல்லாம் முடியிற வரைக்கும் ரெண்டர் த்ரெட் அங்கயே நிக்கும், லோடிங் பார் அசையாது.

ஆங், டெக்ஸ்ச்சரை டிஸ்போஸ் பண்றதும் ஓபன்ஜிஎல் கால்தான், அதையும் ரெண்டர் த்ரெட்லயே வைங்க.