ஐரோப்பிய நிலமானிய முறை: பிரமிடு படத்தை நம்பிச் செய்யும் தவறுகள்

மேலே இருப்பவர் நிலம் தர, அதற்கு ஈடாகக் கீழே இருப்பவர் விசுவாசமும் படைச்சேவையும் தருவதுதான் நிலமானிய முறை. தேர்வுக் குறிப்புகளில் அதை விளக்க ஒரு பிரமிடு படம் தவறாமல் இருக்கும். உச்சியில் மன்னர், அடுத்து பெரும் பிரபுக்கள், பிறகு நைட்டுகள் எனும் குதிரை வீரர்கள், அடியில் குடியானவர்கள். மேலே இருப்பவர் சொன்னதைக் கீழே இருப்பவர் கேட்பார் என்றுதான் அதைப் பார்த்தால் தோன்றும். 12, 13ஆம் நூற்றாண்டுகளின் பிரான்சையும் இங்கிலாந்தையும் இந்தப் படத்தை மனதில் வைத்துப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

மன்னர் என்றாலே பலசாலி என்று எடுத்துக்கொள்வது முதல் தவறு. பிரான்சின் ஆறாம் லூயியைப் பாருங்கள். பாரிசுக்குத் தெற்கே லெ புய்சே என்ற இடத்தில் கோட்டை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தை மிரட்டிவந்த ஹியூ என்ற பிரபுவை அடக்க, 1111, 1112, 1118 என மூன்று முறை அவர் படையோடு போக வேண்டியிருந்தது. 1154இல் இங்கிலாந்தின் மன்னரான இரண்டாம் ஹென்றிக்கோ, பிரான்சிலேயே பிரெஞ்சு மன்னரின் நேரடி நிலத்தைவிடப் பெரிய பரப்பு கையில் இருந்தது. ஆனால் அந்த நிலங்களைப் பொறுத்தவரை அவர் பிரெஞ்சு மன்னருக்குக் கீழ்ப்பிரபு, அதாவது விசுவாசப் பிரமாணம் செய்து அவரிடமிருந்து நிலம் பெற்றவர்!

சரி, அப்படியானால் விசுவாசப் பிரமாணமெல்லாம் வெறும் சடங்கா? அப்படி நினைப்பதும் தவறு. 1159இல் ஹென்றி பெரும்படையோடு தெற்குப் பிரான்சின் துலூஸ் நகரை நெருங்கினார். அவருடைய மேல்பிரபுவான பிரெஞ்சு மன்னர் ஏழாம் லூயி நகருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதும், ஹென்றி நகரைத் தாக்காமலே திரும்பிவிட்டார். வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் மேல்பிரபுவின் மீது தானே கைவைத்தால், நாளைக்குத் தன் பிரபுக்களை எந்த முகத்தோடு கேள்வி கேட்பது?

ஒருவருக்கு ஒரே எஜமானர்தான் என்று நினைப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டூல் ஊர் ஜான் என்பவர் எழுதிக்கொடுத்த ஒரு சாசனம் கிடைத்திருக்கிறது. வடகிழக்குப் பிரான்சின் ஷாம்பேன் பகுதிப் பிரபுவுக்கும் அவருடைய தாய்க்கும் தான் விசுவாசி என்கிறார். கூடவே வேறு மூன்று பிரபுக்களுக்குத் தான் பட்டிருக்கும் கடமைக்குக் குறைவு வராமல், என்றும் சேர்த்துக்கொள்கிறார். அந்த மூவரில் ஒருவரான கிராம்ப்ரே பிரபு தன் சொந்தச் சண்டையில் ஷாம்பேனோடு மோதினால் என்ன செய்வது? தான் நேரில் போய் கிராம்ப்ரே பக்கம் நிற்பாராம். ஷாம்பேன் மானியத்துக்காகத் தர வேண்டிய நைட்டுகளை ஷாம்பேன் பக்கம் அனுப்பிவைப்பாராம். படிக்கச் சிரிப்பாக இருக்கும், அன்றைக்கு இது முறையான ஒப்பந்தம். இதைப் பிரமிடில் எங்கே வரைவது?

அப்புறம், மானியமாக நிலம் பெற்றவர்கள் வந்து சண்டை போட்டார்கள், அதுதான் ராணுவம் என்ற எண்ணம். வழக்கமான சேவை சுமார் 40 நாள்தான். அன்றைய போரில் நேருக்கு நேர் மோதல் குறைவு, முற்றுகையே அதிகம். அப்போது இங்கிலாந்து மன்னர் ஜானின் கையில் இருந்த நார்மண்டியின் ஷாத்தோ கெய்யார் கோட்டையை பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப் 1203இல் முற்றுகையிட்டார். 1204 மார்ச்சில்தான் அது விழுந்தது. நாற்பது நாள் ஆட்களை மட்டும் நம்பி இத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியாது. கூலிப்படையும் சம்பளமும் வேண்டும். அதனால்தான் இங்கிலாந்து மன்னர்கள் சேவைக்குப் பதிலாகக் கேடயவரி என்று பணமாகவே வாங்கினார்கள்.

நார்மண்டியை இழந்த ஜான் மன்னர் அதை மீட்கப் போகிறேன் என்று இந்த வரியைத் திரும்பத் திரும்பப் போட்டார். 1214இல் புவீன் போரில் அவருடைய கூட்டாளிகள் பிலிப்பிடம் தோற்றதும் பிரபுக்களின் பொறுமை போயிற்று. ஜானிடம் பிரபுக்கள் வாங்கிய 1215இன் மகா சாசனத்தை (மாக்னா கார்ட்டா) மக்களாட்சியின் தொடக்கம் என்று மட்டும் பார்த்தால் இந்தப் பின்னணி கண்ணில் படாது. ராஜ்யத்தின் பொது ஆலோசனை இல்லாமல் கேடயவரி கூடாது என்கிறது அதன் 12ஆவது பிரிவு. மன்னர் சொல் தவறினால் 25 பிரபுக்கள் சேர்ந்து அவருடைய கோட்டைகளையே கைப்பற்றலாம் என்கிறது 61ஆவது பிரிவு. சில மாதங்களிலேயே போப் சாசனத்தை ரத்து செய்தார். இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டது.