வாடையா, சோழகமா: இலங்கையின் வடக்கில் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டில் இருக்கும் நாம் ஊருக்கு விமானச் சீட்டுப் போடுவது பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறையைப் பார்த்து. பறவை வருவது காற்றைப் பார்த்து. இரண்டும் பொருந்தாததால்தான் ஓகஸ்டில் பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு மன்னாருக்குப் போகிறவர்கள் வெடித்த சேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கமராப் பையைக் கட்டுமுன், எந்தக் காற்றில் ஊரில் இறங்கப்போகிறீர்கள் என்று பாருங்கள்.

ஒக்ரோபரில் வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, தொடங்கும். ஜனவரி வரை மழையும் வெயிலும் மாறிமாறி வரும். வயல் பச்சையாகவும் குளங்கள் நிறைந்தும் இருக்கும், வானத்தில் முகில் இருக்கும். நிலக்காட்சிக்கு நல்ல காலம், ஆனால் மூன்று நாள் விடாத மழைக்கும் ஆயத்தமாகப் போகவேண்டும். பெப்ரவரியிலும் மார்ச்சிலும் களப்புகள் வற்றத் தொடங்க, மிச்சத் தண்ணீரில் பறவைகள் நெருங்கிக் கூடும். பறவைப் படத்துக்கு இதுதான் உச்சம். மே முதல் செப்ரெம்பர் வரை சோழகம், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும்: புழுதி, அலை, வெளிறிய வானம். வலசை வந்தவற்றில் பெரும்பாலானவை அப்போது போயிருக்கும். ஓகஸ்டைத் தவிர வேறு வழியில்லை என்றால் பறவையை விட்டுவிடுங்கள். பனை, கடல், நெடுந்தீவு, மாலை வானம் என்று திட்டம் போடுங்கள். நீளமான லென்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் பையில் இரண்டு கிலோ மிச்சம்.

வங்காலை

மன்னாரில் வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டது. 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மதவாச்சி–தலைமன்னார் ஏ14 வீதி இதற்குள்ளால்தான் போகிறது. வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்தியே நல்ல படம் எடுக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி வழியாக வந்தால் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். ஆனால் முதல் நாளே மன்னார் நகரில் தங்குவதுதான் புத்தி. பெப்ரவரியில் ஆறரைக்குச் சூரியன் எழும், எட்டரைக்குப் பிறகு வேலை முடிந்தது.

ஏன் முடிந்தது? வெயில் ஏறச் சேற்றுக்கு மேல் கானல் எழும்பும். 400 மி.மீ. லென்ஸால் 200 மீற்றர் தூரத்துப் பறவையைப் பார்க்கும்போது இடையில் உள்ள காற்று நடுங்குகிறது. இறகு தண்ணீரில் கரைந்ததுபோல வரும். லென்ஸ் பழுது, ஃபோகஸ் பிழை என்று பலர் மண்டையைக் குழப்புவார்கள். ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் முக்காலியில் வைத்தாலும் இது தீராது. கமராவைப் பையில் வைத்துவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்குப் போங்கள். மாலை நாலரைக்கு மேல் திரும்பி வரலாம்.

வீதி பெருநிலத்திலிருந்து மன்னார்த் தீவை நோக்கி வடமேற்காகப் போகிறது. ஆகவே மன்னார்ப் பக்கம் போகும்போது காலையில் இடப்பக்கத்துப் பறவைக்கும் மாலையில் வலப்பக்கத்துப் பறவைக்கும் வெளிச்சம் நேராக விழும். பூநாரை (ஃபிளமிங்கோ) ஊர்க்குருவி மாதிரி நின்ற இடத்தில் எழும்பாது. காற்றை எதிர்த்துத் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு எட்டு ஓடித்தான் மேலே கிளம்பும். வாடை வடகிழக்கிலிருந்து அடிப்பதால், காலையில் இடப்பக்கம் நிற்கும் கூட்டம் எழும்பினால் வீதியை நோக்கித்தான் ஓடிவரும். வெயில் உங்கள் முதுகுப் பக்கம், பறவை உங்கள் முகத்துக்கு நேரே. இதற்காகக் கல்லெறிந்தோ கைதட்டியோ எழுப்பவேண்டாம். அரை மணி பொறுத்திருந்தால் ஏதாவது பருந்து வந்து அந்த வேலையைச் செய்யும். வெகுதூரம் பறந்து வந்த பறவை, தின்று உடம்பு தேற்ற வந்த இடம் அது.

வாகனத்தை விட்டு இறங்காதீர்கள். வாகனத்தைக் கண்டு பறவை அவ்வளவாகப் பயப்படாது, இரண்டு காலில் நிற்கும் ஆளைக் கண்டால் விலகும். எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள்; அது ஓடினால் யன்னலில் வைத்த லென்ஸ் அதிரும். யன்னலில் லென்ஸைத் தாங்க, வெளிநாட்டிலிருந்து வெறும் துணிப்பை ஒன்றைக் கொண்டுபோய் மன்னார்க் கடையில் ஒன்றரைக் கிலோ அரிசி வாங்கி நிரப்பினால் போதும். திரும்பும் நாளில் அரிசியைத் தங்கிய வீட்டில் கொடுத்துவிடலாம்.

பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/1600 அல்லது 1/2000 வினாடி, மேய்வதற்கு 1/500. கமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியில் விட்டு 3200க்கு மேல் போகாமல் கட்டுங்கள். பூநாரை நிற்கும்போது ஏறத்தாழ வெள்ளைதான். சிவப்பும் கறுப்பும் செட்டையை விரிக்கும்போதுதான் தெரியும். பின்னால் கறுத்த சேறு இருந்தால் கமரா இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும், பறவை வெளிறிப்போகும். வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர் கொம்பன்சேஷன்) −0.7 அல்லது −1க்கு இறக்குங்கள். அதே பறவை வானத்துக்கு ஏறியதும் கணக்குத் தலைகீழ். +1 வேண்டும், இல்லாவிட்டால் கரிய நிழல்தான் மிஞ்சும். கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் நிற்பவை வேறு இனமல்ல, இளசுகள்.

கைப்பேசி மட்டும் இருந்தால் விரலால் இழுத்துப் பெருப்பிக்காதீர்கள். தூரத்துக் கூட்டத்தை ஒரு இளஞ்சிவப்புக் கோடாக வைத்து மேலே வானத்தை நிறைய விட்டு எடுங்கள். அது படமாக நிற்கும்.

நெடுந்தீவு

யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்று இது. புங்குடுதீவில் உள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். படகு நேரம் கடலைப் பொறுத்து மாறும், முதல் நாளே தீவில் உள்ள யாரிடமாவது கேட்டு உறுதிசெய்யுங்கள். ஒரு நாள் பயணத்தின் சிக்கல் இதுதான்: போய் இறங்கும்போது வெயில் உச்சிக்கு ஏறத் தொடங்கியிருக்கும், மாலை வெளிச்சம் வருமுன் திரும்பும் படகு புறப்பட்டுவிடும். குதிரையும் பவளக்கல் மதிலும் அழகாகத் தெரியும் இரண்டு நேரமும் உங்களுக்கு இல்லை. ஒரு இரவு தங்குங்கள். தங்க முடியாதவர்கள் வெளிச்சம் கடுமையாக இருக்கும்போது மதில்களையும் பெருக்க மரத்தையும் கறுப்பு வெள்ளையில் எடுக்கலாம். செங்குத்து வெயில் பவளக்கல்லின் ஓட்டைகளை நன்றாகக் காட்டும்.

மட்டக்குதிரைகள் ஐரோப்பியர் ஆண்ட காலத்தில் வந்து கட்டுக்கு அடங்காமல் பெருகியவை. கோடையில் தண்ணீர் தேடி அலைவதால் எலும்பு தெரிய இருக்கும். பாவம், விரட்டி ஓடவிட்டுப் படம் எடுக்காதீர்கள். சில ஓட்டோக்காரத் தம்பிமார் உங்களை மகிழ்விக்க என்றே கூட்டத்துக்குள் ஓட்டுவார்கள். ஏறும்போதே சொல்லிவிடவேண்டும்: “தம்பி, கிட்டக் கொண்டுபோக வேண்டாம், தூரத்திலயே நிப்பாட்டுங்கோ.” நாற்பது மீற்றரில் இறங்கிக் குந்தியிருந்தால் மேய்ந்துகொண்டே அவையே அண்டிவரும். காதைப் பின்னால் மடித்தால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். கமராவைக் குதிரையின் நெஞ்சு மட்டத்துக்கு இறக்குங்கள். நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் மட்டக்குதிரை நாய்க்குட்டி அளவாகத் தெரியும்.

படகில் லென்ஸை மாற்றாதீர்கள். சோழகத்தில் உப்புச் சாரல் மேல்தட்டு வரை வரும். கமராவை ஒரு சொப்பிங் பையில் கட்டி, அதையும் பைக்குள் வையுங்கள். கரைக்கு வந்ததும் ஈரத் துணியால் துடைக்கவேண்டும். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். தீவுகளில் பல கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தால் உப்பின் மேல் உப்புப் பூசுகிறீர்கள். போத்தல் தண்ணீர் கொஞ்சம் போதும். முக்காலிக் காலைக் கடலில் ஊன்றியிருந்தால் அன்று இரவே பூட்டுகளைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஒரு கிழமை விட்டால் திருகு மறை இறுகிவிடும். நனைந்த கமராவை அரிசிக்குள் புதைக்கும் வேலை வேண்டாம், தவிட்டுத் தூசிதான் உள்ளே போகும்.

யாழ்ப்பாண நகரில் தங்குகிறவர்களுக்கு மாலைக்குப் பண்ணைப் பாலம் போதும். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னதாகப் போய்ச் மீன்பிடிக்க நட்டிருக்கும் சிறகுவலைக் கம்புகளை முன்னால் வைத்து மேற்கே பாருங்கள். மார்கழியில் ஆறுக்கே சூரியன் விழும், ஆடியில் ஆறரை தாண்டும். விழுந்த பின் இருபது நிமிடம் நில்லுங்கள், நிறம் அப்போதுதான் வரும். பனைகளை அகல லென்ஸால் அண்ணாந்து எடுத்தால் எல்லாம் உள்ளே சரிந்து ஒன்றையொன்று முட்டும். கமராவை நேராகப் பிடித்து, கீழே மிஞ்சும் தரையைப் பிறகு வெட்டுங்கள்.

ஏசி அறையிலிருந்தோ ஏசி வாகனத்திலிருந்தோ நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் பனி படியும். துடைக்கத் துடைக்கத் திரும்பப் படியும், ஏனென்றால் கண்ணாடி இன்னும் குளிராகவே இருக்கிறது. பையை மூடியபடியே அரை மணி முன்னதாக வெளியே வையுங்கள். மேலதிகப் பற்றரிகள் விமானத்தில் கைப்பையில்தான் போகவேண்டும். இலங்கை மின்சாரம் 230 வோல்ட்; பழைய வீடுகளில் உருண்டை மூன்று முள், புதியவற்றில் லண்டன் சதுர முள். இரண்டுக்கும் பொருந்தும் அடைப்பான் கொண்டுபோங்கள்.

கால் வைக்கக் கூடாத இடங்கள்

மிதிவெடி அகற்றும் வேலை வடக்கில் இன்னும் முடியவில்லை. முகமாலைப் பக்கத்திலும் வன்னியிலும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் ஒரு அடிகூட உள்ளே போகவேண்டாம். பலகை இல்லாத பற்றைக் காட்டிலும் ஊரவர் நடக்கும் ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்காதீர்கள். நல்ல கோணம் கிடைக்கும் என்று ஆளில்லாக் காணிக்குள் மதில் ஏறிக் குதிப்பதும் இதில் சேர்த்தி.

இராணுவ, கடற்படை முகாம்கள், சோதனைச் சாவடி, இறங்குதுறைக் காவலரண் எதையும் எடுக்காதீர்கள், பின்னணியில்கூட வரவேண்டாம். சிப்பாய் அழிக்கச் சொன்னால் அவர் கண்முன்னே அழித்துவிட்டு நடையைக் கட்டுங்கள். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் புறப்படுமுன்னே வேண்டும். இல்லாமல் போனால் கட்டுநாயக்கா விமான நிலையச் சுங்கத்திலேயே அது தங்கிவிடலாம். இரண்டு கிழமைப் பயணத்துக்கு அந்த அலைச்சல் தேவையா என்று யோசியுங்கள். எங்கள் கணிப்பில் தேவையில்லை.

கரையில் வலையோடு வேலைசெய்யும் ஆளை எடுக்குமுன் கமராவைத் தோளில் தொங்கவிட்டுப் போங்கள். “ஐயா, ஒரு படம் எடுக்கலாமோ?” என்று கேட்டால் பெரும்பாலும் தலையாட்டுவார்கள். வலையைத் தாண்டிக் கடக்காதீர்கள், சுற்றிப் போங்கள். மாவீரர் துயிலும் இல்லங்களிலோ நினைவிடங்களிலோ அழுகிறவர்களின் முகத்தை எடுத்து வெளியில் போடாதீர்கள். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், கேள்வி வந்தால் பதில் சொல்லவேண்டியவர்கள் அவர்கள். படத்துக்குக் காசு நீட்டுவதும் வேண்டாம். நகரத்து ஸ்ரூடியோவில் நாலுக்கு ஆறு அளவில் ஒரு பிரதி எடுத்து, புறப்படுமுன் ஒருநாள் அதே கரைக்குப் போய்க் கையில் கொடுங்கள். விடிய வலை ஏற்றி வரும் நேரமாகப் பார்த்துப் போனால் ஆள் அங்கேயே நிற்பார்.