கரண்ட் பில்: பல்பை அணைத்துவிட்டு மோட்டாரை மறக்கிறவர்கள்

பல்பை அணையுங்கள், ஏசியை 24-ல் வையுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். மதுரையைச் சுற்றி வயரிங் வேலை பார்க்கிறவனுக்கு, கோடைக்கால பில் வந்த வாரம் போன் ஓயாது. நாகமலை, ஊமச்சிகுளம், சிலைமான் பக்கம் புதுசாக வீடு கட்டிக் குடிவந்தவர்கள்தான் அதிகம். ஆள்தான் மாறுகிறது, புலம்பல் அதேதான். அவர்கள் செய்கிற தப்புகளும் அதேதான், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

500-க்கு மேலே ‘பத்து யூனிட்தானே’ என்பது

இரண்டு மாதத்துக்கு ஒரு பில். 2022 செப்டம்பர் கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன், அதில் முதல் 100 யூனிட் இலவசம். அதன்பின் விலை ஏறியிருக்கிறது, ஆனால் போக்கு புரிய இது போதும். 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட் 2.25 ரூபாய், அடுத்து 400 வரை 4.50, அடுத்து 500 வரை 6. தாண்டிவிட்டால் 2.25 என்ற பேச்சே கிடையாது, 101-லிருந்தே 4.50. 401 முதல் 500 வரை அதே 6, 500-க்கு மேலே போனதற்கு 8 ரூபாய். 500 யூனிட் ஓடினால் 1725. 501 ஓடினால் 1958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்!

மோட்டாரைக் கணக்கிலேயே சேர்க்காதது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு வீடு. “தம்பி, வீடு முழுக்க எல்.இ.டி. மாத்திட்டேன், பிள்ளைகளை டிவி கூடப் பார்க்க விடுறதில்ல. ஆனா பில்லு ரெண்டு மடங்கா வந்துருக்கு. மீட்டர்லதான் கோளாறு, மனு எழுதிக் குடுத்துரவா?” என்று அந்த அக்கா கேட்டார். போன பில் 390 யூனிட், இந்த பில் 525.

“இருங்கக்கா” என்று மாடி பாத்ரூமுக்குப் போனேன். ஃப்ளஷ் டேங்க் ‘உஸ்’ என்று இரைந்துகொண்டிருந்தது. கோப்பையின் பின்சுவரில் தண்ணீர் ஒரே சீராக வழிந்து, வழிந்த தடத்தில் உப்பு வெள்ளையாகப் படிந்து கிடந்தது. உள்ளே வால்வின் அடிரப்பர் போர்த் தண்ணீரின் உப்பேறி இறுகிவிட்டது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் இறங்கியதும் தானாக மோட்டார் போடுகிற கன்ட்ரோலர் மாட்டியிருக்கிறார்கள். நடுராத்திரி மோட்டார் ஓடினால் யார் எழுந்து பார்ப்பது? சுவிட்ச் போட்டு ஏற்றுகிற வீடாக இருந்தால், “என்னடா, காலையிலதானே ரொப்பினோம்” என்று மறுநாளே கேட்டிருப்பார்கள்.

நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஒழுகினால் ஒரு நாளைக்கு 1440 லிட்டர். கோடையில் ஊற்றுக் குறைந்த அந்தப் போர் மணிக்கு ஆயிரம் லிட்டர் ஏற்றினாலே பெரிசு. ஆக, மோட்டார் தினம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கூடுதலாக ஓடுகிறது. ஒன்றரை எச்.பி. சப்மெர்சிபிள் ஒன்றரை கிலோவாட்டுக்குக் குறையாமல் இழுக்கும். நாளுக்கு 2.25 யூனிட், அறுபது நாளுக்கு 135. மேலே சொன்ன கட்டணத்தில் 390 யூனிட்டுக்கு 1080 ரூபாய், 525-க்கு 2150. கூடுதலாக ஓடிய 135-ம் சராசரியாக எட்டு ரூபாய் விலைக்கு வந்திருக்கிறது. பல்பு மாற்றிய செலவு தனி.

கண்டுபிடிக்க என்னைக் கூப்பிட வேண்டியதில்லை. துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் நாலு சொட்டை ஃப்ளஷ் டேங்கில் விட்டு, கால்மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் பாருங்கள். கோப்பையில் நீலம் இறங்கினால் ஒழுகுகிறது. மோட்டார் போட்டதும் வெகுநேரம் காற்றுதான் வருகிறது, அப்புறம்தான் தண்ணீர் என்றால் போர் குழாயின் செக் வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். அது பிடிக்காவிட்டால் குழாயில் ஏறி நின்ற தண்ணீர் முழுக்கக் கீழே இறங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும்.

எரிந்த ஃபேனுக்குக் காயில் கட்டுவது

பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்கிற புது வகை மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட்டுக்குள். தினம் 12 மணி நேரம் ஓடுகிற ஃபேன் என்றால் ஒரு பில்லுக்கு 32 யூனிட் வித்தியாசம். கொஞ்ச நேரமே ஓடுகிற பூஜை அறை ஃபேனுக்குத் தாராளமாகக் காயில் கட்டிக்கொள்ளுங்கள்.

ஜன்னலைச் சாத்திவிட்டு ஏர் கூலர்

நம் சித்திரை வெயிலின் வறண்ட காற்றுக்குக் கூலர் நன்றாகவே வேலை செய்யும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பிளக்கில் சொருகுகிற ‘கரண்ட் சேமிப்புப் பெட்டி’

வாங்காதீர்கள்.

மீட்டர்மேல் பழி போடுவது

மனு எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை. ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட எல்லாப் பிளக்கையும் பிடுங்கி, எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைக் கொஞ்ச நேரம் பாருங்கள். 3200 இம்பல்ஸ் என்று போட்ட மீட்டரில் அது 3200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். எல்லாம் அணைந்தும் சிமிட்டினால் மெயினையும் இறக்குங்கள். அப்போதும் சிமிட்டினால் மனு கொடுங்கள். மெயினை இறக்கியதும் நின்றுவிட்டால் கோளாறு உங்கள் வயரிங்கில், எங்கேயோ கரண்ட் கசிகிறது. அதற்கு ஆள் கூப்பிடுவதென்றால் ஐப்பசி மழையில் சுவர் ஈரமாக இருக்கும்போதே கூப்பிடுங்கள். தை பிறந்து சுவர் காய்ந்தபின் வந்தால், கசிவே இல்லாத மாதிரி மெக்கர் (வயரிங் கசிவைச் சோதிக்கிற கருவி) நல்ல ரீடிங்தான் காட்டும்.